குறவன் குறத்தி ஆட்டம்: எதைக் காப்பது, எதை விடுவது?

நாட்டுப்புறக் கலை என்றாலே கட்டிக் காக்க வேண்டியதுதான் என்பது நம்மில் பலரின் எண்ணம். ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஒரு கலை இன்னொருவர் மனத்தைப் புண்படுத்தினால் என்ன செய்வது?

குறவன் குறத்தி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கரகாட்டத்தின் துணை ஆட்டமாக, நையாண்டி மேளத்துக்கு ஆடப்பட்டது இது. நாளடைவில் இரட்டை அர்த்தப் பேச்சும் ஆபாச அசைவும் மிகுந்துபோயின. ஆடுபவர் யாராக இருந்தாலும் இழிபெயர் என்னவோ குறவர் சமூகத்துக்குத்தான். அவர்கள் எதிர்த்தார்கள், விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 2023 மார்ச்சில் தமிழக அரசு இந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

"அப்படியானால் திருக்குற்றாலக் குறவஞ்சியையும் தூக்கிப் போட்டுடலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. திரிகூடராசப்பக் கவிராயர் குறவர் அல்லர். சிங்கன் சிங்கி உரையாடலில் சிருங்காரமும் நகையும் உண்டு. ஆயினும் அங்கே குறத்தி தன் மலைவளத்தைப் பெருமையோடு பாடுகிறாள். நாயகியே அவளிடம் கைநீட்டிக் குறி கேட்கிறாள். 1944-இல் ருக்மிணி தேவி அதை மேடையேற்றியபோதும் அந்த மிடுக்கு குறையவில்லை.

தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான். அதனால் ராஜாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குறவர் நிலை அப்படியா? ஆங்கிலேயர் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பெயரை வைத்துச் சிரிக்கும்போது பழைய காயம்தான் கிளறப்படுகிறது. கிண்டல் யார் தலையில் விழுகிறது என்பதே இங்கு உரைகல்.

ஆடிப் பிழைத்த கலைஞர்களின் வயிற்றுப்பாட்டையும் மறக்கலாகாது. அவர்களுக்குக் கரகமும் காவடியும் ஆட வாய்ப்புத் தர வேண்டும். நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு அவர்களை அழைத்தால் அதுவே பெரிய உதவி.

அதே மேடையில் நாம் இன்னொன்றையும் கவனிக்கலாம். மாறுவேடப் போட்டியில் குழந்தைக்குப் பாசிமணி மாட்டி, கொச்சையாகப் பேசவைத்து, "குறத்தி பாருங்க" என்று கைதட்டுகிறோமே! குறவர் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அதுவும் கைதட்டுமா? அடுத்த விழா நிகழ்ச்சிநிரல் போடுமுன் இதைக் கொஞ்சம் யோசிப்போம்.