ஒரொஸ் (புதிய ஏற்பாட்டில் ‘மலை’)

ஒரொஸ் என்பது மலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில் 60க்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. தமிழ் விவிலியங்கள் இதைப் பெரும்பாலும் ‘மலை’ என்றே பெயர்க்கின்றன. அதில் பிழை இல்லை. சிக்கல் அந்தச் சொல்லோடு ஒட்டிவரும் உருபிலும் வினையிலும் இருக்கிறது.

கிரேக்கத்தில் சற்றே ஒலி மாறிய ஹொரொஸ் என்னும் வேறொரு சொல்லும் உண்டு. அதற்கு எல்லை என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பொருள்

ஒரொஸ் உயரத்தை அளந்து சொல்லும் சொல் அன்று. சமவெளிக்கும் ஊருக்கும் மாறான மேட்டு நிலம் முழுவதையும் அது குறிக்கும். பன்றிகள் மேயும் சரிவும் ஒரொஸ்தான் (மாற்கு 5:11), ஊர் அமைந்திருக்கும் மேடும் ஒரொஸ்தான் (மத்தேயு 5:14). சிறு குன்றுக்கு பூனொஸ் என்று தனிச்சொல் இருந்தும், புதிய ஏற்பாட்டில் அது லூக்கா நூலில் இரண்டே முறைதான் வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரொஸுக்கு இணையாகவே நிற்கிறது. தமிழ் இலக்கணம் குறிஞ்சிக்குச் சொல்லும் ‘மலையும் மலை சார்ந்த இடமும்’ என்னும் விளக்கம் இச்சொல்லுக்கு நன்றாகவே பொருந்தும்.

இந்த விரிந்த பொருளைத் தமிழ் வாசகர் கண்முன் நிறுத்த நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை உதவும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் அங்கே இருப்பது சிகரம் அல்ல. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் வயலும் தோட்டமும் ஊர்களுமாக விரிந்த நிலம். அதன் பகுதிகளுக்குப் பெயரே நாடு என்றுதான் முடியும்: திண்ணனூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு. திண்ணனூர் நாட்டில் நெல் விளையும் பள்ளமும் மலைதான், சாமை விளையும் மேடும் மலைதான். சேந்தமங்கலத்திலிருந்து புறப்படுகிறவர் ‘மலைக்குப் போகிறேன்’ என்பார். ‘மலையின்மேல் ஏறுகிறேன்’ என்று சொல்லமாட்டார்.

இங்கு விவிலியம் படிக்கப்படுவதும் புதிதன்று. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இணையர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலையில் ஊழியம் செய்தனர். தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தது இங்கேதான்.

மொழிபெயர்ப்பில் நேர்ந்தது

லூக்கா 6:12-ல் இயேசு வேண்டுதலுக்காக ஒரொஸுக்குச் செல்கிறார். கிரேக்க வினைக்கு ‘புறப்பட்டுப் போதல்’ என்பதே பொருள். ஏறுதல் என்ற கருத்தே அதில் இல்லை. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்போ ‘மேல்’ என்ற உருபையும் ‘ஏறி’ என்ற வினையையும் சேர்த்து அவரை உச்சிக்கு அனுப்பிவிடுகிறது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மலைக்கு’ என்று நான்காம் வேற்றுமையோடு நிறுத்துகிறது. சேந்தமங்கலத்துக்காரர் பேச்சும் அதுவே. இந்த ஓரிடத்தில் பின்னதுதான் சிறந்த தமிழ்.

பவர் குழுவினர் சொல்லின் விரிவை அறியாதவர்கள் அல்லர். லூக்கா 1:39-ல் மரியாள் செல்லும் இடத்துக்கு, ஒரொஸிலிருந்து பிறந்த ஒரெய்னே என்னும் சொல் வருகிறது. அதை அவர்கள் ‘மலைநாடு’ என்றே அழகாகப் பெயர்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் மலைப்பிரசங்கத்தின் தொடக்கத்திலும் (மத்தேயு 5:1) ‘மலைநாடு’ என்று போடலாமா? கூடாது. இங்கே வினை உண்மையிலேயே ஏறுதல்தான். மோசே சீனாய்க்கு ஏறியதைச் சொல்லும்போது யாத்திராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பயன்படுத்தும் தொடரும் இதுவே. புதிய மோசே என்ற எதிரொலியை மத்தேயு வேண்டுமென்றே எழுப்புகிறார். அந்த எதிரொலி ‘மலை’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் நிற்கும். ஆங்கிலப் புதிய பன்னாட்டு மொழிபெயர்ப்பு ‘மலைச்சரிவு’ என்ற பொருளில் பெயர்த்தது. நிலக்காட்சி தெளிவாயிற்று, சீனாய் மறைந்தது. இது நட்டமே. மரபு காட்டும் கலிலேயக் கடலோரக் குன்றின் உச்சியே கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பதை நினைத்தால், மத்தேயுவுக்கு உயரம் பொருட்டல்ல என்பது விளங்கும்.

சமனான இடம்

மத்தேயு மலை என்ற இடத்தில் லூக்கா 6:17 ‘சமனான இடம்’ என்கிறது. மலைமேல் ஒரு சமவெளி இருந்திருக்கலாம் என்று அகஸ்தீன் ஒரு வழி சொன்னார். சமவெளி வாசகருக்கு இது சாக்குப்போல் தோன்றும். திண்ணனூர் நாட்டு வாசகருக்கு அதில் வியப்பே இல்லை, அவர் வீடே அப்படிப்பட்ட இடத்தில்தான்.

ஆனாலும் நிலம் இடம்கொடுக்கிறது என்பதற்காக இரு நூல்களையும் ஒன்றாக்கிவிட முடியாது. லூக்காவில் மலை வேண்டுதலுக்கான தனிமை. மக்கள் கூட்டத்தைச் சந்திக்க இயேசு இறங்கி வருகிறார், ‘இறங்கி’ என்ற வினையும் அங்கே வெளிப்படையாக உள்ளது. மத்தேயுவில் மலை போதனையின் இருக்கை. அகஸ்தீன் வழி இந்த வேறுபாட்டைத் தொடவில்லை.

காணாமற்போன ஆட்டின் உவமையிலும் இதே விலகல் தெரிகிறது. மத்தேயு 18:12-ல் தொண்ணூற்றொன்பது ஆடுகள் விடப்படுவது ஒரொஸ் என்பதன் பன்மையில். லூக்கா 15:4-ல் பாழ்நிலத்தில். பவர் மொழிபெயர்ப்பின் ‘மலைகளில்’ என்பதைப் படிப்பவர் ஆடுகள் பல சிகரங்களில் சிதறி நிற்பதாக எண்ணக்கூடும். பொது மொழிபெயர்ப்பின் ‘மலைப்பகுதி’ மேய்ச்சல் நிலத்தைக் காட்டுகிறது. மேய்ப்பன் மந்தையை விட்டுச் செல்லக்கூடிய இடமும் அதுதான்.