பசித்தவனுக்கு வழி: மதுரைக்காஞ்சியும் மதுரைப் பயணக் கட்டுரைகளும்

கடல் கடந்து வாழும் தமிழர் தாயகப் பயணம் மேற்கொண்டு திரும்பியபின் எழுதும் கட்டுரைகளில் மதுரைக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. கோபுரங்களின் உயரம், ஆயிரங்கால் மண்டபத்தின் சிற்பம், திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்கள், நீரற்றுக் கிடக்கும் வைகை ஆகியவை முறை பிறழாமல் வரிசையில் வரும். அவற்றின் இறுதியில், அன்றிரவு சுவையான உணவு உண்டு விடுதிக்குத் திரும்பியதாக ஒரு வாக்கியம் வரும். எந்தத் தெருவில் உண்டனர், இலையில் விழுந்தது யாது, கொடுத்த விலை என்ன, ஆக்கியவர் யார் என்பவற்றுள் ஒன்றேனும் அவ்வாக்கியத்தில் இராது.

இதனைச் சிறு குறையென ஒதுக்குதல் பொருந்தாது. பயணக் கட்டுரையை விரும்பிப் படிப்போருள் ஆசிரியரும் மாணவரும் மிகுதி. பல ஆண்டுச் சேமிப்பின் பெரும்பகுதியை வானூர்திக் கட்டணத்திற்கே கொடுத்துவிட்டு மதுரையில் வந்து இறங்கும் ஒருவருக்கு, கோபுரத்தின் உயரத்தைக் காட்டிலும் நண்பகற் சோற்றின் விலையே உடனடியாக வேண்டப்படும் செய்தியாகும். அதனைச் சொல்லாத கட்டுரை அவரைத் தங்கும் விடுதியின் குளிரூட்டப்பட்ட உணவுக்கூடத்திற்கே அனுப்பி வைக்கிறது. அங்கே கிடைக்கும் உணவு கோலாலம்பூரிலும் கிடைக்கும். விலையோ தெருக்கடையைப் போலப் பன்மடங்கு. பணம் போவதோடு, மதுரை மக்கள் உண்பதை உண்டு அவ்வூரை அறியும் வாய்ப்பும் போகிறது.

தமிழ் இலக்கியம் இத்துறையில் வாய்மூடி இருந்ததில்லை. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வள்ளல் இருக்கும் இடத்தையும் செல்லும் வழியையும் சொல்வது ஆற்றுப்படை என்னும் இலக்கணத்தை மாணவர் மனப்பாடமாக ஒப்பிப்பர். ஆனால், வழிசொல்பவன் வழிநெடுக எதைச் சொல்லிக்கொண்டு போகிறான் என்பதை ஊன்றிக் கவனிப்பார் சிலரே. திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கிலும் சோற்றுக்கு அவன் ஒதுக்கும் இடம் மிகப் பெரிது.

சிறுபாணாற்றுப்படையை நோக்குக. நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும் சொல்லப்படுகின்றன. வேலூரில் எயினப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும். பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்து உணவு வேறு. வலைஞர் குடியிருப்பின் உணவு வேறு. ஊர், ஆக்கிய கை, உண்கலத்தில் விழும் பொருள் ஆகிய மூன்றையும் புலவர் ஒருசேரச் சொல்கின்றனர். சுவையாக இருந்தது என்னும் வெற்றுரையோடு ஒருவரும் நின்றுவிடவில்லை. ஒரு நிலத்தில் விளைவதும் அந்நிலத்து மக்கள் நாள்தோறும் உண்பதுமே வழிப்போக்கனுக்கும் கிடைக்கும் என்னும் எளிய உண்மை இப்பாட்டுகளில் அடிப்படையாக உள்ளது. மலிவான நல்லுணவைத் தேடுவார்க்கு இன்றும் இதனினும் சிறந்த நெறி இல்லை.

எனினும், ஆற்றுப்படை காட்டுவது விருந்தேயன்றி விற்பனை அன்று. பாணன் காசு கொடுத்து உண்ணவில்லை. இன்றைய பயணிக்கோ காசு கொடுத்து உண்ணும் நகரத்தைக் காட்டவல்ல பாட்டு வேண்டும். அது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த இப்பாட்டு 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. நிலையாமையே பாடுபொருள் என்பதால், இடையே வரும் கடைத்தெருவும் பலகாரமும் நகர் வருணனைக்கு இட்ட அணிகள் எனக் கருதி விரைந்து கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் மாறவேண்டும். அரசன் ஒருநாள் விட்டு நீங்கவேண்டிய செல்வம் எத்தகையது என்பதைக் காட்டவே புலவர் நகரைக் காட்டுகிறார். அந்நகரின் செல்வத்துள் தெருவில் விற்கும் அடையும் ஒன்று என அவர் மதித்துள்ளார்.

பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. எத்துணைப் பேர் வாங்கினும் குறையாமலும் எத்துணைப் பொருள் வந்து குவியினும் மிகாமலும் கடலைப்போல் நிற்கிறது பகற்கடைத் தெரு. மாலையில் கூடு திரும்பும் பறவைகளின் ஒலிபோல் இரைகிறது இரவுக்கடைத் தெரு. சிங்கப்பூரில் உணவங்காடி என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குவோர், 'அங்காடி' என்னும் அப்பழஞ்சொல் சோற்றோடு சேர்ந்து இன்றும் உயிர்வாழ்வதை எண்ணி மகிழலாம். அவ்வங்காடிப் பண்பாட்டை யுனெசுக்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தது. மாங்குடி மருதனாரோ அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே அங்காடியைப் பாட்டில் சேர்த்துவிட்டார்.

பலவகைக் காய், கனி, கீரை, பலாச்சுளை, மாம்பழம், இனிய கட்டிகள், இறைச்சி கலந்து ஆக்கிய பெருஞ்சோறு, கிழங்கு என மதுரையில் பலரும் உண்ணும் உணவை ஒரு பகுதி விரிக்கிறது. அவ்வூன்சோற்றைச் சொல்லக் கூசி, காய்கனியோடு விளக்கத்தை முடித்துக்கொள்ளும் ஆசிரியரும் உண்டு. இத்தகைய கூச்சம் ஆராய்ச்சிக்கும் ஆகாது, பயணத்திற்கும் ஆகாது. புலவர் கூசவில்லை. கோயிலும் விழாவும் பௌத்தப் பள்ளியும் சமணப் பள்ளியும் அறங்கூறு அவையும் பாடிய அதே வாயால்தான் ஊன்சோற்றையும் பாடினார்.

இப்பாட்டின் தனிச்சிறப்பு வேறொன்றில் அடங்கியுள்ளது. நகரை இடத்தால் மட்டுமன்றிப் பொழுதாலும் அது பகுத்துக் காட்டுகிறது. பகல் போய் மாலை வருகிறது. பின்னர் இரவின் யாமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. இரண்டாம் யாமத்தில் கடைகள் அடைக்கப்படும் வேளையில் புலவரின் கண் கூவியர்மேல் படுகிறது. கூவியர் அப்பம் முதலிய பலகாரம் செய்து விற்போர். தேனடையைப் போன்ற மெல்லிய அடையும் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் அருகிருக்க, அவர்கள் உட்கார்ந்தபடியே உறங்கி விழுகின்றனர். அரண்மனையிலிருந்து நகரைப் பார்த்தவர் இக்காட்சியைக் கண்டிருக்க முடியாது. அந்நேரத்தில் அத்தெருவில் நடந்தவரே கண்டிருக்க முடியும். பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் வருகின்றனர்: நீரில் உதிர்ந்து கிடக்கும் குருக்கத்திப் பூவுக்கு, பாலில் இட்ட அவர்களது பாகுவட்டத்தை உவமையாக்குகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஆயினும், கூவியரின் களைப்பைக் கண்டவர் மருதனார் ஒருவரே.

மதுரையில் உணவு தேடுவார்க்குப் பொழுதறிதலே முதற்பாடம் என்பதை இன்றைய நகரும் மெய்ப்பிக்கிறது. விடியலில் ஆவி பறக்கும் இட்லியும் அதனைச் சூழ்ந்த பலவகைச் சட்டினியும். நண்பகலில் வாழையிலைச் சாப்பாடு, வேண்டுவார்க்கு அயிரைமீன் குழம்பு. வெயிற்பொழுதில் சுண்டக் காய்ச்சிய பாலும் கடற்பாசியும் நன்னாரிப் பாகும் பனிக்கூழும் சேர்ந்த ஜிகர்தண்டா. ஈரற்குலையைக் குளிர்விப்பது என்பது அவ்வுருதுப் பெயரின் பொருள். மாலை சாய்ந்ததும் பருத்தி விதையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பால் தள்ளுவண்டியில் வரும். இருட்டியபின் புரோட்டாக் கல்லின் ஓசை. தோசைமேல் முட்டையும் கொத்துக்கறியும் பரப்பிச் சுட்ட கறிதோசை. காலையில் கறிதோசையும் இரவு பத்து மணிக்கு முழுச் சாப்பாடும் கேட்டுக் கிடைக்காமல், மதுரையில் ஒன்றும் சரியில்லை என்று எழுதும் பயணியின் குறை நாக்கில் இல்லை, கடிகாரத்தில் உள்ளது.

இடமறிதல் அடுத்தது. கோயிலை நடுவாக வைத்துச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எனச் சதுரத்துள் சதுரமாக அமைந்த ஊர் மதுரை. வெளி வீதிகள் பழைய கோட்டைச் சுவரை ஒட்டி அமைந்தவை. அச்சுவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்த காலத்தில் இடிக்கப்பட்டது. புகைவண்டி நிலையத்திலிருந்து கோயிலுக்குச் செல்லும் டவுன்ஹால் சாலையில் விடுதிகள் நெருங்கியுள்ளன. அயலூரார் எழுதும் கட்டுரைகளில் பல அச்சாலையைத் தாண்டுவதே இல்லை. இரண்டு தெரு தள்ளி நடந்து, பூக்கட்டுவோரும் சுமைதூக்குவோரும் கடைச் சிப்பந்திகளும் எங்கே நுழைகின்றனர் என்று பார்த்தால் போதும். அவர்கள் நாள்தோறும் உண்பவர்கள். நேற்று ஏமாற்றிய கடைக்கு இன்று வரமாட்டார்கள். ஒருமுறை மட்டும் வரும் பயணியிடம் கடைக்காரருக்கு அந்த அச்சம் இல்லை. கூட்டம் மிகுந்த கடையில் சோறு ஆறிக் கிடப்பதுமில்லை. தூய்மை பற்றிய ஐயத்திற்கும் இதுவே பாதி விடை. மறுபாதிக்குக் கொதிக்க வைத்த நீரும் கண்முன் சுடும் பண்டமும் துணை.

மதுரையில் 'மெஸ்' என்னும் பெயர்ப்பலகைகள் பல உண்டு. படைவீரர் கூடி உண்ணும் இடத்தைக் குறித்த ஆங்கிலச் சொல், இங்கே வீட்டுச் சமையலைப் பலருக்கும் விலைக்குப் படைக்கும் சிற்றுணவகத்தைக் குறிக்கலாயிற்று. 'ஹோட்டல்' என்பதும் தமிழகத்தில் பெரும்பாலும் உண்ணுமிடமே. தங்குமிடம் என எண்ணித் தயங்கி அப்பால் போகும் மலேசியர் நல்ல சாப்பாட்டை இழப்பர். மெஸ்ஸின் இலையில் அமர்வோர்க்குச் சிலப்பதிகாரத்தின் ஒரு காட்சி நினைவுக்கு வராமல் போகாது. மதுரைப் புறஞ்சேரியில் ஆய்ச்சி மாதரி அளித்த பொருள்களைக் கொண்டு கண்ணகி அடுப்பேற்றுகிறாள்: பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, மோர். வாழைக் குருத்தில் அவள் படைத்ததை உண்டபின்னரே கோவலன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான். பெருநகரில் ஓர் அயலான் பெற்ற கடைசி நல்லுணவு ஒரு வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. கொலையைப் பாடப்போகும் புலவர் காய்களின் பெயரை இவ்வளவு பொறுமையாக எண்ணியது ஏன் என்று மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

காசே இல்லாதவர் கதையும் இந்நகருக்கு உண்டு. மணிமேகலை இதனைத் தக்கண மதுரை என்று அழைக்கிறது. ஊரார் வெறுத்து விரட்டிய ஆபுத்திரன் இங்கே வந்து சிந்தாதேவி கோயிலில் தங்கி, வீடுதோறும் இரந்து பெற்றதை இயலாதோர்க்கு ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அங்கேதான். தமிழக அரசு தொடங்கிய அம்மா உணவகங்கள் 2013இல் மதுரைக்கும் வந்தபோது இட்லி 1 ரூபாய்க்கும் தயிர்ச்சோறு 3 ரூபாய்க்கும் சாம்பார்ச் சோறு 5 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. அவ்வரிசை உழைத்துப் பிழைப்போர்க்காக ஏற்பட்டது. வேறு வழியுள்ள பயணி அதில் நின்று ஒருவர் இட்லியைக் குறைப்பதைவிட, சற்று மிகுதியாகக் கொடுத்து அடுத்த தெருவின் மெஸ்ஸில் உண்பதே தக்கது. மலிவு தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பயணக் கட்டுரையாளர் இனியேனும் எழுதவேண்டும்.

இவ்வளவும் எழுத மனமில்லாத கட்டுரையாளர், தெருவின் பெயரையும் பொழுதையும் விலையையும் மட்டுமேனும் குறிக்கலாம். மதுரை தூங்கா நகரம் என்னும் புகழுரையை நம்பி நள்ளிரவில் பசியோடு வருபவருக்கு மருதனாரின் எச்சரிக்கையையும் சேர்க்கலாம். கூவியர் உறங்கிப்போன இரண்டாம் யாமத்தோடு அவர் பாட்டில் பலகாரம் தீர்ந்துவிடுகிறது. மூன்றாம் யாமத்துத் தெருவில் அவர் காட்டுவன பேயும் கள்வரும், அக்கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காவலருமே.