நன்னூலின் எட்டு விடையும் கூகுளின் ஒரு பெட்டியும்

போன ஆவணியில் மல்லாங்கிணறு போயிருந்தேன். சித்தப்பா செல்போனில் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்: "மக்காச்சோளம் எப்ப விதைக்கணும்?" தேடல் முடிவுகளுக்கு மேலே ஒரு பெட்டி வந்தது. ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்று சுருக்கமாகப் பதில். சித்தப்பா சிரித்துவிட்டார். "இது கெணறு வத்தாதவனுக்குச் சொன்னதுப்பா. மானாவாரிக்காரன் கேட்டா, உன் காட்டுல மழை பெஞ்சுச்சான்னுல்ல மொதல்ல திருப்பிக் கேக்கணும்."

அவருக்கு விஷயம் தெரியும், அதனால் சிரித்தார். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காடு வடகிழக்குப் பருவமழையை நம்பியது. இங்கே மானாவாரி விதைப்பு பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டித்தான். ஆடியில் பெய்த ஒரு மழையை நம்பி விதைத்தால், முளைத்த பயிர் அடுத்த மழை வருவதற்குள் காய்ந்துபோகலாம். விதைச் செலவும் உழவுக் கூலியும் மண்ணோடு போகும். பத்து வருஷம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிற ஒரு பையன் அதே பெட்டியைப் பார்த்திருந்தால் நம்பியிருப்பான்.

பெட்டியில் வந்த பதில் பொய் இல்லை. யாருக்கான பதில் என்பதுதான் அதில் இல்லை. இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்படிப் பதில் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வேலையை நானும் சில வருஷம் செய்திருக்கிறேன்.

கொஞ்சம் வரலாறு. கூகுள் 2014 வாக்கில் தேடல் முடிவுகளின் உச்சியில் விடைப் பெட்டியைக் காட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 'மக்கள் இதையும் கேட்கிறார்கள்' வகைக் கேள்வி வரிசை வந்தது. 2019இல், ஒரு பக்கத்திலுள்ள கேள்வி-பதில்களைத் தனிக் குறியீடு போட்டு அறிவித்தால் அவை தேடல் முடிவிலேயே விரியும் என்றார்கள். உடனே செருப்புக்கடை முதல் கல்லூரி வரை எல்லாத் தளத்தின் அடியிலும் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' முளைத்தது. யாரும் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்விகள். 2023 ஆகஸ்டில் கூகுளே அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் பதில் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் ஆலோசனை மாறவில்லை: கேள்வியைத் தலைப்பாக வை, அடுத்த ஐம்பது சொல்லுக்குள் பதிலை முடி, தனியே வெட்டி எடுத்தாலும் புரிகிற மாதிரி எழுது.

இந்த ஆலோசனையில் எங்கே கோளாறு என்று பார்க்க, பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்த ஒன்று போதும். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தேடுபவர் கேட்பது பெரும்பாலும் அறியா வினா. பொருள் வாங்கத் தேடினால் அது கொளல் வினா. ஆனால் தளத்தின் அடியில் இருக்கிற 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' எல்லாம் அறிவினா. பதில் தெரிந்தவனே கேட்பது. வாத்தியார் மாணவனைச் சோதிக்கக் கேட்பதைப் போல. இங்கே கேட்டவனே பதிலும் எழுதிவிடுகிறான். பதிலுக்குத் தோதாகக் கேள்வி தைக்கப்படுகிறது. அறியா வினாவின் சட்டையை மாட்டிக்கொண்ட அறிவினா என்று சொல்லலாம்.

விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. பெட்டி கேட்பது முதல் மூன்றை மட்டும்தான். சித்தப்பா எதிர்பார்த்ததோ வினா எதிர் வினாதல். "மழை பெஞ்சுச்சா?" என்பது தப்பித்தல் இல்லை, அதுதான் சரியான பதில்.

வினா-விடை வடிவமே மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த வடிவத்தில் தமிழில் வந்த முக்கியமான ஒரு சிறுநூல் திருச்சுழிக்காரருடையது. 1879இல் அங்கே பிறந்த வேங்கடராமன், அதாவது ரமணர், 1902 வாக்கில் திருவண்ணாமலை விருபாட்ச குகையில் இருந்தார். சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் வந்து கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை; எழுதிக்காட்டினார். அதுவே 'நான் யார்?' என்ற நூல், 1923இல் அச்சானது. கேட்டவர் நிஜ ஆள், கேள்வியும் அவருடைய சொந்தத் தவிப்பு.

அதன் மையமான வழிமுறை என்ன? ஒரு நினைவு எழுந்தால் 'இது யாருக்கு?' என்று திருப்பிக் கேள் என்பது. இதுவும் வினா எதிர் வினாதல்தான்.

இன்னொன்று. ரமணரே பின்னாளில் இதைக் கட்டுரை வடிவில் திருத்தி எழுதினார். இடையிடையே இருந்த கேள்விகள் போயின, விடைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. முன்னால் ஒரு பத்தியும் சேர்ந்தது: எல்லா உயிரும் துக்கமில்லாத சுகத்தைத்தான் விரும்புகிறது என்று ஆரம்பித்து, ஏன் இந்த விசாரணை என்பதற்குக் காரணம் சொல்லும் பத்தி. இரண்டு வடிவங்களும் இன்றும் கிடைக்கின்றன. அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கட்டுரையில் ஒரு வாக்கியம் அடுத்ததற்கு வழி போடுகிறது. அதில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தால் பொன்மொழி கிடைக்கும், வழி கிடைக்காது. 'தனியே வெட்டி எடுத்தாலும் புரிய வேண்டும்' என்ற விதி இழக்கச் சொல்வது இந்தக் கோவையைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு என்ன ஆவணம் வேண்டும், பாம்பு கடித்தால் எந்த எண்ணுக்கு அடிப்பது? இவற்றுக்குப் பெட்டி பெரிய உதவி. 108 என்று சொல்ல யாரும் கட்டுரை எழுதக்கூடாது. கேட்பவர் மாறினாலும் பதில் மாறாது என்றால் பெட்டிக்கு எழுதுங்கள். கேட்பவரின் நிலம், உடம்பு, கையிருப்பைப் பொறுத்துப் பதில் மாறும் என்றால், அந்த நிபந்தனையை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள். "மானாவாரியா, இறவையா என்பதைப் பொறுத்தது" என்று தொடங்கினால், வெட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் வெட்டியாக வேண்டும். வெட்டவே கூடாத பத்திக்கு, 'துணுக்கில் காட்டாதே' என்று அறிவிக்கும் குறியீட்டையும் கூகுள் 2019இலேயே கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லும் ஆலோசகரை நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வலைப்பதிவில் எங்கள் ஊர்ப் பயிர்கள் பற்றிய பழைய குறிப்புகளில் நான் ஒட்டவைத்திருந்த கேள்வி-பதில்களைப் போன வாரம் எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்: எப்போது விதைக்கலாம்? அதற்குக் கீழே பதிலாக இப்போது மூன்று கேள்விகள் இருக்கின்றன. மண் கரிசலா, செவலா? கிணற்றில் தண்ணி எவ்வளவு? கடைசியா எப்ப மழை பெஞ்சுச்சு?