பெயர்ப்பலகையும் பணியிடமும்: நிகழ்கலைக் கல்வியில் மரபுக் கலைஞர்

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரி எல்லையை அடைகின்றனர். 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் அங்குள்ளது. அதன் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியுள்ளது. பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்துள்ள விழுப்புரம் வட்டாரம் திரௌபதியம்மன் விழாக்களில் தெருக்கூத்து நிகழும் நிலம். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு எத்தகையதாக அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

பெயரும் தகுதியும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து நாடகத்திற்கு வந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார், புதுச்சேரியில் மறைந்தார். இன்றைய விதிகளின்படி, தம் பெயர் தாங்கிய பள்ளியில் அவரே நிரந்தர ஆசிரியராக இயலாது. இப்பள்ளிக்கு வளம் சேர்த்த இந்திரா பார்த்தசாரதி, கே. ஏ. குணசேகரன் ஆகிய இருவரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அவர்தம் பங்களிப்பு மறுக்கவியலாதது. ஆயினும் கூத்தாசிரியர் நுழையும் வாயில் அதுவன்று.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொணர்ந்த நடைமுறைப் பேராசிரியர் திட்டம், பட்டத்தைக் கட்டாயமாக்கவில்லை. இது வரவேற்கத்தக்கது. எனினும் அதில் இரு குறைகள் உள. ஒன்று, பணிக்காலம் நான்கு ஆண்டுகளைத் தாண்டாது. மற்றொன்று, அது தனி ஒருவரையே நியமிக்கிறது. கூத்தின் அறிவோ ஜமாவில் உள்ளது. முகவீணைக்காரரும் மத்தளக்காரரும் பின்பாட்டுக்காரரும் இன்றி ஓர் ஆசிரியர் அடவைக் காட்டலாம். விடியும்வரை நீளும் ஆட்டத்தைக் கற்பிக்க இயலாது. அந்நிலையில் அவர் ஆய்வாளருக்குத் தகவலாளியாக மட்டுமே எஞ்சுகிறார்.

மாற்று முன்மாதிரி

காஞ்சிபுரம் அருகே பெ. இராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கூத்துக் குருகுலம் (2002–2020) பள்ளிக் கல்வியையும் கட்டைக்கூத்துப் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. பெண் குழந்தைகளையும் மேடையேற்றியது. அத்தகைய முயற்சி மூடப்பட்டபோது அதனை ஏற்றுத் தொடரும் நிலையில் பொதுப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லாமற்போனது சிந்தனைக்குரியது.

முடிவுரை

ஆவணமாக்கலும் ஆய்வேடுகளும் தேவையே. ஆனால் அவை கலையின் நினைவைக் காப்பனவே தவிர, கலையைத் தொடரச் செய்வன அல்ல. ஒரு ஜமாவை முழுமையாக நீண்டகாலப் பணியில் அமர்த்துவதும், இரவு நிகழ்வைப் பாடவேளையாக ஏற்பதும் பல்கலைக்கழகத்தால் இயலக்கூடியவை. எத்தனை ஆய்வேடுகள் வந்தன என்பதோடு, எத்தனை புதிய கூத்தாசிரியர்கள் உருவாயினர் என்பதும் அதன் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.