நடப்பவள் என்னும் இடையூறு

'போக்குவரத்துக்கு இடையூறு' என்பது நிர்வாகத் தமிழில் தேய்ந்துபோன தொடர். யாருடைய போக்கு, யாருடைய வரத்து என்று அது சொல்வதில்லை. போக்குவரத்து என்றாலே வண்டி என்று முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. நடப்பவர் சொல்லுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். சென்னை என்கிற கடற்கரை நகரத்தை இந்த ஒரு தொடரை வைத்தே வாசித்துவிடலாம்.

1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைக்கப்பட்ட கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. லாரி மோதிப் பீடம் சேதமானது என்றார்கள்; போக்குவரத்துக்கு இடையூறு என்றும் சொன்னார்கள். 2006 ஜூனில் சிலை திரும்பி வந்தது. இடையில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் இரண்டு. தமிழ்ப் பண்பாட்டின் அடையாளம் என்றது ஒரு தரப்பு. கற்பின் பெயரால் பெண்ணை ஒடுக்கும் பிம்பம் என்றது மறுதரப்பு. இரண்டுமே அவளை நிற்கிறவளாகத்தான் பார்த்தன.

சிலப்பதிகாரமோ நடையின் காப்பியம். புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டவள், ஒரு காதம் கடந்ததுமே அடி நொந்து, மூச்சு வாங்க, மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம், கிட்டத்தான் என்று சிரிக்கிறான் கோவலன். பின்னால் அதே கால்கள்தான் ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருக்களைக் கடந்து அரண்மனை வாசலுக்குப் போகின்றன. நீதி கேட்பதற்கு முதலில் தெருவில் நடக்க முடிய வேண்டும். அப்படி நடந்தவளின் சிலைக்கே இந்தக் கதி.

இன்றைய புகார்ப் பெண்களுக்கும் இதே சொல்தான். 2023 ஏப்ரலில், மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையில் இறங்கினார்கள். சாலைக்கு முன்பே குப்பங்கள் இருந்தன. ஆனாலும் இடையூறு என்று பெயர் வாங்கியது மீன் விற்றவள்தான். 2024 ஆகஸ்டில் அங்கே மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடைக்குக் கூரை கிடைத்தது. சாலை வண்டிக்கென்று உறுதியானது.

நகரம் நடையை அடியோடு வெறுக்கிறது என்று சொல்ல முடியாது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் மெரினாவில் போட்ட உலாப் பாதையிலிருந்து, 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் திறந்த நடை வளாகம் வரை, காற்று வாங்குகிற நடைக்கு மரியாதை உண்டு. பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைக்காரர்கள் 2013லேயே ஒரு கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள். உலாவுகிற உடலுக்கு அகலப் பாதை. பிழைக்கிற உடலுக்கு 'ஓரமாப் போம்மா'.

அந்த ஓரமாவது இருக்கிறதா? பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் பிளாட்பாரம். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது வடிகால், கால் அல்ல. வீட்டுக்கு வீடு கார் ஏறச் சரிவு, நடுவில் இ.பி. பெட்டி, நிறுத்திவைத்த பைக். சக்கர நாற்காலிக்காரர் நினைத்தே பார்க்க முடியாது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டாப்பு வரை நடந்துதானே போகணும்? நடைக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் என்று சொல்லும் கொள்கையை மாநகராட்சி 2014லேயே ஏற்றது. காகிதம் நடந்துவிட்டது.

இது பட்டணத்து நோய் மட்டுமில்லை. எங்கள் பந்தல்குடிப் பக்கம் கரிசக்காட்டில் ஒத்தையடிப் பாதைக்கு எஞ்சினியர் கிடையாது. கால்கள் போய்ப்போய்ப் பாதை விழும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை வந்தபின் அப்படிப்பட்ட பாதைகள் நடுத்தடுப்பில் முட்டி நிற்கின்றன. காட்டு வேலைக்குப் போகிறவளுக்குக் கிடைப்பதெல்லாம் 'பாத்துப் போ' என்ற எச்சரிக்கைதான். சாலை அவளைப் பார்த்துப் போக வேண்டியதில்லை.

இனி ஒரு நோட்டீசிலோ தீர்ப்பிலோ 'போக்குவரத்துக்கு இடையூறு' என்று படித்தால் ஒன்றைக் கேட்போம்: அந்த வழியே நடந்து போகிறவர்களை யாராவது எண்ணினார்களா? எண்ணவில்லை என்றால், அந்தத் தொடரில் பாதிப் போக்குவரத்து விடுபட்டிருக்கிறது.