பச்சையெல்லாம் பச்சைப் பாம்பா?

ரோமுலஸ் விட்டேக்கரும் அசோக் கேப்டனும் எழுதி 2004இல் வெளிவந்த இந்தியப் பாம்புகள் கையேட்டின் வண்ணப்படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் அது எவ்வளவு பயன்படும்?

ஆனைமலைக் காடுகளில் மரக்கிளைகளில் தங்கும் குழிவிரியன் பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். நிறத்தை நம்ப முடியாது. கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழியே அதன் குலத்துக்கு உறுதியான அடையாளம். ஆனால் குழி தெரியும் தூரத்தில் யார் நிற்பார்? அகன்ற முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, பருத்த உடல் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே காணலாம். பச்சைப் பாம்போ கொடிபோல் மெலிந்தது, கூர்மூக்குடையது.

நம் நாட்டு நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் நஞ்சைக் கொண்டே தயாராகிறது. குழிவிரியன் அதில் இல்லை. கடித்தது எதுவென அறிவது மருத்துவருக்கு உதவும். ஆங்கில நூலோ கொழுந்து பறிப்பவருக்கு எட்டாது. இப்படங்களுடன் மலிவான தமிழ்ச் சிறுபதிப்பு தேவை.