அந்தரத்தில் ஒரு பிடி

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் என்னை மயக்குவது 'மார்க்'தான். உதைபட்டு வரும் முட்டை வடிவப் பந்தைத் தரையில் விழுமுன் சுத்தமாகப் பிடித்துவிட்டால், பிடித்தவரை யாரும் தடுக்கக்கூடாது. நிதானமாகக் குறிபார்த்து உதைக்கலாம். இந்தக் கலையில் ஜான் கோல்மனுக்கு மேலே இன்னொருவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1928இல் விக்டோரியா மாநிலத்தின் போர்ட் ஃபேரியில் பிறந்தவர். உயரம் 185 சென்டிமீட்டர். கோலடிக்கவென்றே முன்னே நிற்கும் ஃபுல் ஃபார்வர்டுக்கு இது பிரமாதமான உயரமல்ல. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அவர் எம்பியிருப்பதைப் பாருங்கள். ஒரு முழங்கால் எதிராளியின் முதுகுக்கு மேல் ஏறியிருக்கும். கைகள் தலைக்கு மேல் முழுதாக நீண்டிருக்கும். பந்து நெஞ்சுக்கு இறங்கட்டும் என்று காத்திருக்கிற ஆளில்லை. எட்டுகிற உச்சியிலேயே விரல்கள் அதைக் கவ்விவிடும். உயரமாகத் தாவுகிறவர்கள் அவருக்குப் பிறகும் எத்தனையோ பேர் வந்தார்கள். தாவலின் உச்சமும் பந்து வந்து சேரும் கணமும் இப்படிப் பிசகாமல் கூடுவதுதான் அபூர்வம்.

1949இல் எசண்டன் அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, ஹாதார்னுக்கு எதிராக 12 கோல். அந்தப் பருவத்தின் நூறாவது கோலை இறுதிப் போட்டியில் அடித்தார், கோப்பையும் வந்தது. மறு வருடம் 120 கோல், மீண்டும் கோப்பை.

நேர்வழியில் நிறுத்த முடியாதவரை எதிரணிகள் இழுத்தும் இடித்தும் நிறுத்தப் பார்த்தன. 1951இல் சீண்டிய கார்ல்டன் வீரரைத் திருப்பி அடித்ததற்காக நான்கு ஆட்டங்களுக்குத் தடை. அவர் இல்லாத இறுதிப் போட்டியில் எசண்டன் 11 புள்ளிகளில் கீலாங்கிடம் தோற்றது. ஒரு கோலுக்கே 6 புள்ளி என்னும்போது, அவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1954இல் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக 14 கோல். அடுத்த வாரமே நார்த் மெல்போர்னுடன் ஆடுகையில் முழங்கால் மூட்டு விலகியது. வயது 25. அதோடு ஆட்டம் முடிந்தது: 98 ஆட்டங்கள், 537 கோல்கள்.

1961இல் அதே எசண்டனுக்குப் பயிற்சியாளராக வந்தார். 1962இல் கோப்பை, 1965இல் நான்காம் இடத்தில் பருவத்தை முடித்த அணியை வைத்துக்கொண்டு இன்னொன்று. இதை அவர் கதையின் பின்குறிப்பாகச் சொல்லிப் போவது எனக்கு ஒப்பவில்லை. தனக்கு இயல்பாக வாய்த்தது வாய்க்காதவர்களை வெல்ல வைப்பது, பிறவி மேதைகள் பலருக்குக் கைகூடாத வித்தை.

1973இல் 44 வயதில் மறைந்தார். 1981 முதல், பருவத்தில் அதிகக் கோலடிப்பவருக்கு அவர் பெயரில் பதக்கம் தருகிறார்கள். நல்ல மரியாதைதான். ஆனாலும் அதை ஆண்டின் சிறந்த மார்க்குக்குத் தந்திருந்தால் கோல்மனுக்கு இன்னும் பொருந்தியிருக்கும் என்பதே என் எண்ணம்.